ரொட்டிக்கடைப் பலகை

கணவர் சபாபதியின் கால் பெருவிரல்களைச் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டிருந்த நல்லம்மாள், கடைப்பக்கம் ஏதோ உரசும் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். கொழுந்தன் கன்னையா கரும்பலகையை, எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்க, திருப்பி மாட்டிக்கொண்டிருந்தான்.

"நாலு பேர் வந்து போற நேரம் அண்ணி. நம்ம நெலம தெருவுக்குத் தெரியணுமா?"

பிரிக்பீல்ட்ஸில் வீட்டோடு ஒட்டிய இந்த ரொட்டிக்கடையில் கணவர் அந்தப் பலகையை மாட்டிய அன்று அவளும் இதையேதான் கேட்டாள். வரவு, செலவு, கடன் எல்லாம் வேலையாட்கள் கண்ணெதிரே! கிழிந்த புடவையைத் தெருவில் காயப்போட்டது போல அவளுக்கு உடம்பு கூசியது.

"அவங்க கையிலதான கடை ஓடுது? அவங்களுக்கு மறைச்சு யாருக்குக் காட்டப்போறேன்?" என்றார் அவர்.

தன் சுருட்டுச் செலவைக்கூட அவர் விட்டுவிடவில்லை. மாலையில் எண்களை மட்டும் துடைத்துப் புதிதாக எழுதுவார். அடுப்பு பார்க்கும் உமர் எட்டிப் பார்த்து, "மாவு வெல ஏறிச்சு, அண்ணன் சுருட்டும் ஏறிப்போச்சுலா!" என்பான். கடையே சிரிக்கும். பலகை வந்தபிறகு, ஒரு பிடி மாவும் வீணாகாமல், உதறிய மாவுச் சாக்கையே வேலையாட்கள் மறுபடியும் உதறத் தொடங்கினார்கள். ரப்பர் விலை விழுந்து வியாபாரம் படுத்தபோது, பலகையைப் பார்த்துவிட்டு, அரைச் சம்பளம் போதுமென்று அவர்களே வந்து சொன்னார்கள்.

பின்வாசலில் உமர் நின்றான். அன்று விடியற்காலையில் மாவுத் தொட்டியருகே சரிந்த சபாபதியைத் தாங்கிப் பிடித்தவன் அவன்தான்.

"அக்கா... மாவு பொங்கி நிக்குது. அடுப்பு மூட்டவா, வேணாமா?"

"இதையும் கேக்கணுமா?" கன்னையா சீறினான். "பொணம் கெடக்கிற வீட்ல நெருப்பு மூட்டுவாங்களா? போடா."

உமர் நகரவில்லை. பலகையின் வெற்று முதுகைப் பார்த்தான். மறுபக்கம் இருப்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் ரொட்டி தவறினால் ஒப்பந்தம் கைமாறிவிடும். அது போனால் கிள்ளான் ஊர் மொத்த வியாபாரி தவுக்கே கடனுக்கு மாவு தரமாட்டார்.

நல்லம்மாள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். காதோரத்தில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது.

"மூட்டு, உமர்."

"அண்ணி! ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும் தம்பி." முடிச்சை இறுக்கினாள். "நம்ம ஆளுங்க வீட்லயும் அடுப்பு எரியணும்ல."

பாடை கிளம்பும்போது ரொட்டி வேகும் மணம் வாசல்வரை வந்துவிட்டது. "இழவு வீடா, விருந்து வீடா?" என்று ஒரு பெண் கேட்டது காதில் விழுந்தது. நல்லம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

மாலையில் ஈரத்தலையோடு அவள் கடைக்குள் வந்தபோது வேலையாட்கள் எழுந்து நின்றார்கள். பலகையைத் திருப்பினாள். அவர் நேற்று எழுதிய எண்களை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். சொற்களைத் தொடவில்லை. உமர் மெல்லத் தொகைகளைச் சொல்லச் சொல்ல, அவற்றுக்கு எதிரே எழுதினாள். மாவு. விறகு. ஆஸ்பத்திரி வரவு. 'பாடைச் செலவு' என்று புதிதாக ஒரு வரியைத் தானே சேர்த்தாள்.

மிச்சம் இருந்தது சுருட்டு. சுண்ணாம்புக் கட்டியை அந்த வரிக்கு நேரே கொஞ்சநேரம் வைத்திருந்தாள். பிறகு எதுவும் எழுதாமல், விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.