இடப்பக்கம் நிற்பவர்

"டூனா சாலட் மட்டும் பத்து நிமிஷத்துல பண்ணிடுவேன். வேற எதையும் எதிர்பார்க்காதே."

"டின்னைத் திறக்கிறதுக்குப் பேரு சமையலா? அப்போ நான் கதவைத் திறந்தாக்கூட விருந்துதான்."

"ரொம்பச் சிரிக்காதே. சாப்பிட்டுப் பார்த்துட்டுச் சொல்லு."

"சரி, யாரு கத்துக் கொடுத்தது?"

கல்யாணத்துக்கு முன் நானும் என் கணவரும் பேசிய பேச்சு அது. அந்தக் கேள்வியோடு நின்றுபோனது. அவர் காலிக் கோப்பைக்குள் ஸ்பூனைச் சுற்றிக்கொண்டே இருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. இறந்துபோன அவருடைய முதல் மனைவி. அவரை நான் அன்றிலிருந்து மனதுக்குள் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன்.

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலேயே வீடு. மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மாடிக்கு ஓடிவருவோம். அவர் டூனா மீன் டின்னைத் திறந்து தண்ணீரை ஒட்ட வடிப்பார். மீனை முள்கரண்டியால் உதிர்த்து, வெள்ளரி, தக்காளி, வெந்த முட்டை எல்லாம் நறுக்கிப் போடுவார். மயோனைஸ் உடம்புக்கு ஆகாது என்று கெட்டித் தயிர். மேலே மிளகுத்தூள். அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிண்ணத்தை இடப்பக்கம் நீட்டுவார். ஒரு மூச்சு நேரம் அது அந்தரத்தில் நிற்கும். சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, எலுமிச்சையைத் தானே பிழிவார்.

இடப்பக்கம்தான் அக்கா நின்று எலுமிச்சை பிழிந்த இடம்.

நான் வலப்பக்கம் ஃபிரிட்ஜோடு ஒட்டிக்கொண்டு நிற்பேன். அப்படி நில் என்று யாரும் சொல்லவில்லை. ஜன்னல் வெயில் நேராக விழும் நேரத்திலும் அவருக்கு இடப்பக்கத்து ஓரடித் தரை மட்டும் சில்லென்று இருக்கும். இந்த வீட்டில் நான் ஆசைப்பட்டது அந்த ஓரடியைத்தான். கேட்கத்தான் வாய் வரவில்லை. யாரிடம் கேட்பது?

இன்று கிண்ணம் வழக்கத்தைவிட அதிக நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு அவர் கலக்கி, ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"அட, பிழிஞ்சுட்டியா? புளிப்பு கச்சிதமா இருக்கே!"

எலுமிச்சம்பழம் முழுசாக என் கையில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். நான் ஒரு ஸ்பூன் எடுத்துச் சாப்பிட்டேன். நாக்கில் சுள்ளென்று எலுமிச்சை.

"தயிர் புளிச்சிருக்கும்," என்றேன்.

"காலையில வாங்கின தயிர்."

சொல்லிவிட்டு அவர் இடப்பக்கம் திரும்பினார். யாரும் இல்லாத அந்த இடத்தைப் பார்த்து மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒரு நாளும் என் பக்கம் வந்ததில்லை.

"அப்போ உங்களுக்கும் தெரியுதா?"

"தெரியும்மா. நீ பயந்துடுவியேன்னுதான் சொல்லல."

"பயமெல்லாம் இல்லீங்க. எனக்கு நிக்கத்தான் இடமில்ல."

நான் எலுமிச்சையைப் பலகையில் வைத்துவிட்டு, அவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். பாதத்திலிருந்து முழங்கால்வரை குளிர் ஏறியது.

"ஏய், என்ன பண்றே?"

அவருக்குப் பதில் சொல்லவில்லை. கேட்க வேண்டியவர் என் எதிரில்தான் இருந்தார்.

"அக்கா, உங்களைப் போகச் சொல்லல. கொஞ்சம் தள்ளி மட்டும் நில்லுங்க. இவரு பக்கத்துல நானும் நிக்கணும்."