எரியாத சாறு

கீழ்வானம் வெளுத்து, பினாங்குத் துறைமுகத்துக் கப்பல்களின் புகை கடல்மேல் மெல்லப் படர, சுமை தூக்குவோர் ஒருவரையொருவர் கூவியழைத்துப் படகுத்துறை நோக்கி நடந்த காலைப்பொழுதில், துறைக்குப் பின்னிருந்த பலகை வீடொன்றில் மீனாட்சி, தன் கணவன் சுப்பையாவின் காலை மடியில் ஏந்தியவளாய், வெட்டுக்காயப் பூண்டின் இலைகளை உள்ளங்கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தாள். அன்பரே, நாற்பது நாளாக அவள் விடாது செய்துவந்த பணி அது.

தைப்பூசத்தன்று, தேர் கடந்த வீதியில் உடைபட்டுக் கிடந்த சிதறுகாய்களின் ஓட்டுச் சில்லொன்று, காவடி சுமந்து நடந்த சுப்பையாவின் உள்ளங்காலை ஆழக் கிழித்தது. அவனோ முகஞ்சுளியாமல், குருதி சொட்டச் சொட்டத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் படிகள் அத்தனையும் ஏறி முடித்தான். கண்டவரெல்லாம் முருகன் அருள் என்று கைகூப்பினர். அருள் என்று சொல்லிவிட ஊருக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? மீனாட்சியும் பூரித்துப்போனாள். அவள் சாறு பிழியும்போதெல்லாம் அவன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததையும் அந்த அருளென்றே கொண்டாள். புண்ணும் நாளுக்கு நாள் ஆறி வந்தது.

நேற்று மீன் அரிகையில் அரிவாள்மணை அவள் விரலை வெட்டியது. எஞ்சியிருந்த சாற்றை அதன்மேல் விட்டாள்; தீப்பட்டதுபோல் எரிந்து கண்ணீர் பெருகிற்று. இதையா நாற்பது நாளும் அவன் சிரித்துக்கொண்டு ஏற்றான் என்று எண்ணியதும், வாய்வரை வந்த அலறல் அங்கேயே நின்றது. சுப்பையாவோடு சுமை தூக்கிய தோழன் ஒருவனும், கொதிநீர் காலில் கொட்டியதை அறியாமல் அவனைப் போலவே சிரித்துப் பேசி நின்றான். மருத்துவர் தொழுநோய் என்றார்; அந்நோயாளரை ஒதுக்கிவைக்கும் ஜெரஜாக் தீவுக்குப் படகேறியவன் திரும்பவேயில்லை. கணவனின் கணைக்காலில் வெளிறிக் கிடந்த திட்டை அவள் அதுவரை தேமல் என்றே எண்ணியிருந்தாள்.

இன்று நண்பகலில் துறைமுகத் தொழிலாளரை மருத்துவர் பார்வையிட இருந்தார். ஆகவே விடிந்ததும் அனைத்தையும் அவனிடம் சொல்லிவிட்டாள்.

"ஏங்க, எரியுதுன்னு ஒரு தடவ சொல்லுங்க," என்றாள்.

சுப்பையா கண்களை இறுக மூடிக்கொண்டு, பல்லைக் கடித்தான்.

"எரியுது புள்ள. நல்லாவே எரியுது."

சாறு அவள் கைப்பிடிக்குள்ளேயே இருந்தது. ஒரு துளியும் இன்னும் விழவில்லை.

பூண்டு தன் வேலையில் குறை வைக்கவில்லை. கிழிந்த தோலை அழகாகவே மூடிவிட்டது. தோலுக்கு அடியில் மாண்டுபோன உணர்வை எழுப்பத்தான் அந்த ஊரில் எந்த இலையும் முளைக்கவில்லை. மீனாட்சி சாற்றைத் தரையில் விட்டாள்; அவன் காலை முந்தானையால் துடைத்து, நண்பகல்வரை மடியைவிட்டு இறக்காமல் வைத்திருந்தாள்.