வடத்தை விட்டவன்

ஆவூரில் கிளைடரை நேரில் பார்த்தவன் ஜெஸ்வின் ஒருவன்தான். அது ஏன் விழுந்தது என்று தெரியாதவனும் ஊரில் அவன் ஒருவன்தான். மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வளைகுடாவில் ஒரு பறக்கும் கிளப்பில் அவனுக்கு வேலை. கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத விமானம். நீளமான கயிற்றின் ஒரு முனையை அதில் மாட்டி, மறுமுனையை இவன் மோட்டார் வைத்துச் சுருட்டுவான். இழுக்கிற வேகத்தில் அது எழும்பும். போன மாசியில் எழும்பும்போதே ஒரு றெக்கை சாய்ந்து தரையில் இடித்தது. ஓட்டியவர் இறந்துபோனார். விசாரணையில் இவன் மேல் குற்றம் இல்லை என்றார்கள். லீவில் வந்தவனை இருளாண்டியின் டீக்கடை அவ்வளவு லேசில் விடுமா?

"வண்டிக்கு எலுமிச்சம்பழம் வச்சு ஏத்துனீங்களா மாப்ள?" என்றான் இருளாண்டி, டீயை ஆற்றிக்கொண்டே.

"அதுக்கு ஒத்தச் சக்கரம்தான்டா."

"அப்ப ஒரு பழம் போதுமே! அதுலயுமா கஞ்சத்தனம்?"

ஜெபமாலை பெரியப்பா கண்ணாடி டம்ளரை ஓங்கி வைத்தார். மாதா தேருக்கு வடம் பிடிக்கிற கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். கயிறு சம்பந்தப்பட்ட எதிலும் அவரைக் கேட்காமல் முடிவுக்கு வரக்கூடாது. "பழமாவது ஒண்ணாவது. எஞ்சின் இல்லாததுல ஏறி ஒக்காந்தான் பாரு, அங்கதான் கோளாறு."

"நம்ம தேர்ல மட்டும் எஞ்சினா இருக்கு பெரியப்பா?" என்றான் ஜெஸ்வின்.

"அதுல மாதா இருக்காங்கடா!"

ஜெஸ்வினும் சேர்ந்துதான் சிரித்தான். சிரித்து முடித்ததும் முகம் தொங்கிவிட்டது. "நாளைக்கு நான் வடம் பிடிக்க வரல பெரியப்பா."

"ஏன்டா?"

"றெக்கை சாஞ்சத நான் பாத்துட்டேன். நிறுத்துன்னு ரேடியோவுல சொல்லட்டும்னு கயித்த இழுத்துக்கிட்டே நின்னேன். கொட்டு நிக்காம வடத்த விட்டா மாதா குத்தம்னு சின்னதுலேருந்து நீங்கதானே சொன்னீங்க? அதே புத்தி. ஒரு மூச்சு நேரம் பெரியப்பா. அதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

பெரியப்பா டம்ளரின் அடியில் இல்லாத டீயைக் குடித்தார்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட ஷீபா புருசனிடம், "பெரிய மாமா சொன்னத நீங்க கேட்டதே அந்த ஒரு தடவதான். அதையும் அங்கிட்டுப் போயா கேக்கணும்?" என்றாள். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. மறுநாள் சாயங்காலம் வேட்டியைக் கையில் திணித்து, முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே கோயிலில் கொண்டுவந்து சேர்த்தாள்.

வடத்துக்கு முன்னால் பெரியப்பா நின்றார். "இந்த வருசம் ஒரு திருத்தம். எவன் கண்ணுக்குக் கோளாறு தெரிஞ்சாலும் கொட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். விடுன்னு கத்துங்க, எல்லாரும் விட்டுருங்க. மாதாகிட்ட நான் பேசிக்கிறேன்."

'மரியே வாழ்க' என்று தேர் அசைந்தது. கொட்டு காதைப் பிளந்தது. முதல் திருப்பத்தில், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இழுத்த ஜெஸ்வின் அலறினான்: "விடு!"

அத்தனை கையும் விட்டது. தேர் முனகிக்கொண்டு நின்றது.

பெரியப்பா குனிந்து சக்கரத்தடியில் கையை விட்டார். வெளியே வந்தது ஒரு வாழைப்பழத் தோல். ஊரே பார்த்தது. ஜெஸ்வினுக்கு உடம்பு கூசியது. பெரியப்பா அந்தத் தோலை இப்படியும் அப்படியும் திருப்பி, பெரிய பாம்பைப் பிடித்தவர் மாதிரி தூக்கிக் காட்டினார்.

"நல்லவேள, விட்டடா" என்றார்.

"ஆமா மாப்ள, இந்நேரம் மாதா வழுக்கி விழுந்திருப்பாங்க" என்றான் இருளாண்டி.

தெருவே சிரித்தது. ஜெஸ்வினும் சிரித்தான். சிரித்தபடியே சக்கரத்தோரம் உட்கார்ந்து, செத்துப்போன அந்த மனிதருக்காக முதல் தடவையாக வாய்விட்டு அழுதான்.

அவனாக எழுந்து வடத்தைத் தொடும்வரை கொட்டுக்காரர்கள் கொட்டவில்லை.