எட்டு மாட்டுக்கு ஒரு துணி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று என் மனைவி ஜெயமேரி சொல்வாள். கோபம் மட்டுமில்லை, ஊரில் உள்ள நாற்றமெல்லாமும் என் மூக்கைத் தேடித்தான் வரும். அப்படிப்பட்ட என்னைச் சுகாதார இன்ஸ்பெக்டராக்கி, அறுபத்து மூன்றாம் வருஷம் திண்டுக்கல்லுக்கு அனுப்பினார்கள். முதல் வேலையாக மாட்டுத்தொட்டியைக் கவனியுங்கள் இருதயநாதன் என்றார் மேலதிகாரி. மாடு அறுக்கிற இடத்துக்கு இந்தப் பக்கம் தொட்டி என்றுதான் பெயர்.

ஊரை விட்டுத் தள்ளி, சிறுமலை தெரிகிற வெளியில் ஒரு தகரக் கொட்டகை. எரியோட்டுப் பக்கத்திலிருந்து உழுது ஓய்ந்த மாடுகள் முந்தின நாளே வந்துவிடும். விடிகாலை ஐந்து மணிக்கு அறுப்பு, ஏழரைக்குக் கறி கடைகளுக்குப் போயாக வேண்டும். நான் முதல் நாள் போனபோது சாணியும் ரத்தமும் கலந்து கிடந்த தரையிலேயே மாட்டைப் போட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்தார்கள். இழுத்த இழுப்பில் கறி தரையெல்லாம் புரண்டது. வெளியே வந்து வேலி ஓரமாக வாந்தி எடுத்தேன். திரும்பி உள்ளே போய், அங்கிருந்த அத்தனை பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மூன்றே மாதத்தில் தொட்டியைத் தலைகீழாக மாற்றினேன். தரைக்குச் சிமெண்டு, சுவருக்குச் சுண்ணாம்பு, மாட்டைத் தொங்கவிட இரும்புக் கொக்கி. உள்ளே பீடி கூடாது, வெற்றிலை கூடாது. இதெல்லாம் யாரும் செய்யக்கூடியதுதான். நானாக யோசித்துச் செய்தது ஒன்று உண்டு. அது துணி.

இரண்டு முழம் வெள்ளை மல் துணி. ஒரு அண்டா நிறையத் தண்ணீர், அதில் கிருமியைக் கொல்ல ஒரு சிட்டிகை பர்மாங்கனேட். தண்ணீர் ரோஜா நிறத்தில் அழகாக இருக்கும். தோலுரித்துக் குடல் எடுத்துத் தொங்கவிட்ட மாட்டை மேலிருந்து கீழே அந்தத் துணியால் அழுத்தித் துடைக்க வேண்டும். ரத்தத் திட்டு, சாணித் துணுக்கு, மயிர், ஒன்றும் மிஞ்சக் கூடாது. பிறகு துணியை அண்டாவில் அலசிப் பிழிந்து அடுத்த மாடு. துடைத்த கறி பளபளவென்று நிற்கும். அதில் ஊதா மையால் முத்திரை குத்தும்போது எனக்குப் பரீட்சைத் தாளில் முழு மதிப்பெண் போடுகிற வாத்தியாரின் சந்தோஷம்.

துடைக்கிற வேலைக்கு மூக்காயியை வைத்தேன். குடல் அலசிக்கொண்டிருந்தவள். முப்பது வயதிருக்கும், புருஷன் இல்லை, முத்துப்பேச்சி என்று ஒரே மகள். வாய் பேசாமல் வேலை செய்வாள். மூன்றாவது மாட்டிலேயே அண்டாத் தண்ணீர் ரோஜா நிறம் போய்ப் பழுப்பாகிவிடும் என்று ஒருநாள் சொன்னாள். இன்னொரு சிட்டிகை போடு என்று சொல்லிவிட்டேன்.

மதுரையிலிருந்து வந்த பெரிய டாக்டர் சுவரைத் தொட்டுப் பார்த்தார், கறியை மோந்து பார்த்தார், என் முதுகைத் தட்டிவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறவர்கள் கடையில் முத்திரையைத் திருப்பிப் பார்த்து வாங்கினார்கள். கோயில் வாசலில் ஒருவர் என்னைக் காட்டி, இவரால்தான் நாம் நல்ல கறி தின்கிறோம் என்று தன் மனைவியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. விழ வேண்டும் என்றுதான் கொஞ்சம் மெதுவாக நடந்தேன்.

ஒரே ஒரு ஆள்தான் எனக்கு மசியவில்லை. சனாவுல்லா. பேகம்பூர்க்காரர், இருபது வருஷமாகக் கத்தி பிடிக்கிறவர். அவர் அறுத்த மாட்டைத் துடைக்க விடமாட்டார். பக்கத்தில் அடுப்பு மூட்டிக் கொதிக்கிற தண்ணீர் வைத்திருப்பார்; ஒரு மாடு முடிந்ததும் கத்தியை அதில் முக்கி எடுத்துத்தான் அடுத்ததைத் தொடுவார். குடலைக் கயிற்றால் கட்டிவிட்டு எடுப்பார். எங்காவது சாணி பட்டுவிட்டால் அந்த இடத்தைக் கைப்பிடி அளவுக்கு அறுத்து நாய்க்கு வீசுவார். இதனால் அவர் மாடு மட்டும் அங்கங்கே பள்ளம் விழுந்து, காய்ந்து, பார்க்கச் சகிக்காமல் தொங்கும். என் வெள்ளைச் சுவருக்கு அது ஒரு திருஷ்டி. ஏன் துடைக்க மாட்டேன் என்கிறீர் என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"தோலப் புடிச்ச கை கறியத் தொடக்கூடாது சாப். அது எங்க வாப்பா சொன்னது. கைக்கு அது தெரியும். துணிக்குத் தெரியாது."

பதில் தெரியாதபோது எனக்குக் கோபம்தான் வரும். வந்தது.

என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சகாயசெல்வி, ஆறு வயது. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு நாங்கள் பெற்றவள். பிறந்ததிலிருந்தே வெளுத்த பிள்ளை; கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் சிவப்பே இருக்காது. ரத்தம் ஊற வேண்டும் என்றால் சுவரொட்டி கொடு என்று யாரைக் கேட்டாலும் சொன்னார்கள். மாட்டின் மண்ணீரலைத்தான் சொல்கிறேன். தணலில் இரண்டு பக்கமும் லேசாக வாட்டி, உள்ளே ரத்தம் வற்றாமல் கொடுத்தால்தான் பலன், நன்றாக வெந்துவிட்டால் சத்துப் போய்விடும் என்பார்கள். வாரம் ஒருநாள் தொட்டியிலிருந்து நானே வாங்கிப் போவேன். அதிலும் எனக்கு ஒரு ஒழுங்கு. நல்ல மாட்டை இன்ஸ்பெக்டர் பொறுக்கிக்கொண்டார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஆகவே எல்லா மாட்டுக்கும் முத்திரை குத்தி முடித்து, கடைசி மாட்டின் சுவரொட்டியைத்தான் வாங்குவேன். மூக்காயி அதையும் அதே துணியால் துடைத்து இலையில் மடித்துத் தருவாள்.

துணி வந்த இரண்டாம் மாதம் மாதா கோயில் தெருவில் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. முதலில் நான்கு வீடு. காய்ச்சல், வாந்தி, பிறகு ரத்தமாகப் போகும். நான் கிணறுகளுக்குக் குளோரின் போட்டேன், பலகாரக் கடைகளை மூடினேன். அடுத்த வாரம் பதினொரு வீடு. இரண்டு கிழவர்கள் இறந்துபோனார்கள். வீடு வீடாகப் போய் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். எல்லா வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமைக் கறி வந்தது. கறியை அரிந்த பலகையிலேயே பச்சடிக்கு வெங்காயம் அரிந்ததாகப் பலர் சொன்னார்கள். கறியா? என் தொட்டிக் கறியா?

தொட்டியில் சுத்தமில்லாதது எது என்று யோசித்தேன். அதிகம் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. துடைக்காத மாடு ஒன்றுதானே தொங்குகிறது. மறுநாளே சனாவுல்லாவின் அனுமதிச் சீட்டைப் பறித்துக்கொண்டேன். அவர் அடுப்பை அணைத்தார், கத்திகளைச் சாக்கில் சுற்றினார், சலாம் சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்களைக் கூப்பிட்டு, இனி ஒவ்வொரு மாட்டையும் இரண்டு தடவை துடைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டேன்.

அடுத்த வாரம் முப்பது வீடு. அதில் என் வீடும் ஒன்று.

சகாயசெல்வி ஒன்பது நாள் கிடந்தாள். கண் உள்ளே போய், உதடு காய்ந்து, கூப்பிட்டால் யாரோ என்பது போலப் பார்த்தாள். ஜெயமேரி ஜெபமாலையைக் கீழே வைக்கவில்லை. பத்தாம் நாள் பிள்ளை கஞ்சி கேட்டாள். நான் சமையல்கட்டில் போய் நின்று அழுதேன். ஆஸ்பத்திரி டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, இந்தத் தடவை தப்பித்தாள், இன்னொரு தடவை வந்தால் இந்த உடம்பு தாங்காது, அதற்குள் ரத்தம் ஊறப் பாருங்கள் என்றார். அன்றிலிருந்து வாரம் மூன்று நாள் சுவரொட்டி வாங்கினேன். மூக்காயியிடம் துணியை வாங்கி நானே துடைத்தேன். பிள்ளை விஷயத்தில் இன்னொருத்தர் கையை நம்பக் கூடாது என்று நினைத்தேன்.

இதற்கிடையில் நான் எழுதிக் கேட்டதன் பேரில், பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒருவர் ஐஸ் பெட்டியோடு ரயிலில் வந்து இறங்கினார். அன்று எட்டு மாடு. அறுத்த வரிசைப்படி எட்டிலும் பஞ்சால் ஒற்றி, எட்டுக் குப்பியில் அடைத்து நம்பர் ஒட்டினார். சுத்தமானது எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்று, அண்டாத் தண்ணீரிலும் ஒரு குப்பி எடுக்கச் சொன்னேன். நானேதான் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை ஆபீசில் அந்தத் தாள் என் மேஜைக்கு வந்தது. மாட்டுக் குடலில் இருக்கிற கிருமி, மனிதன் வயிற்றில் போனால் இந்த நோயைக் கொடுப்பது, ஒவ்வொரு குப்பியிலும் எவ்வளவு என்று எண்ணி எழுதியிருந்தார்கள். முதல் மாட்டில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இரண்டாவதில் கொஞ்சம். நான்காவதில் நிறைய. எட்டாவதில், எண்ண முடியாத அளவு. அண்டாத் தண்ணீருக்கு எதிரே எண்ணே போடாமல் சிவப்பு மையில் அடிக்கோடு இட்டிருந்தார்கள்.

ஒரு மாட்டின் தோலிலிருந்து கறியில் ஒட்டிய சாணியைத் துணி எடுத்தது, அண்டாவில் கரைத்தது, அடுத்த மாட்டின் மேல் பூசியது. எட்டு மாட்டுக்கும் ஒரே துணி. கடைசி மாட்டில் எட்டின் அழுக்கும் இருந்தது. அந்தக் கடைசி மாட்டின் சுவரொட்டியை அன்று காலையிலும் நான் வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் ஆபீசுக்கு வந்திருந்தேன்.

சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று தெரியாது. சமையல்கட்டில் தணல் முன்னால் ஜெயமேரி உட்கார்ந்திருந்தாள். சகாயசெல்வி தட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒரு துண்டு தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. தட்டோடு பிடுங்கி அடுப்பில் கவிழ்த்தேன். பிள்ளை பயந்து அழுதாள். தின்றாளா என்று கேட்டேன். இன்னும் இல்லை, உங்களுக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள் ஜெயமேரி.

"இனிமே நம்ம வீட்டுக்குத் தொட்டிக் கறி வேணாம்" என்றேன். காரணம் சொல்லவில்லை.

அப்போதே திரும்பித் தொட்டிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பிள்ளைக்கு முடியவில்லை என்று எட்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். சொல்ல வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் எழுந்தேன். சொன்னால் சனாவுல்லாவிடம் என்ன சொல்வேன், செத்துப்போன கிழவர்களின் வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பேன், முதுகில் தட்டிய டாக்டர் என்ன சொல்வார் என்று நினைத்தால் கால் எழாது. நாளைக்கு என்பேன். கையெழுத்துப் போட்டு வாங்கிய தாள் சட்டைப் பையிலேயே இருந்தது. என் வீட்டில் மட்டும் நிறுத்திவிட்டு நான் சும்மா இருந்தேன். ஆட்டு ஈரலை நன்றாக வேகவைத்துக் கொடுத்ததில் சகாயசெல்வி தேறினாள். கன்னத்தில் கொஞ்சம் நிறம் கூட வந்தது. அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை தொட்டிக்குப் போனேன். ஏழு மாடு தொங்கின. இத்தனை பளபளப்பாக நான் ஒருநாளும் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் ஆட்கள் கத்தியை வைத்துவிட்டுச் சுற்றி வந்து நின்றார்கள். பிள்ளை சுகமா என்று கேட்டார்கள். சுகம் என்றேன். அய்யா இல்லை என்று நாங்கள் வேலையில் ஏமாற்றவில்லை, மூன்று தடவை துடைக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னார்கள். என் பிள்ளைக்கு வந்தது வேறு பிள்ளைக்கு வரக்கூடாது என்று தாங்களாகவே முடிவு செய்தார்களாம்.

மூக்காயி மட்டும் ஒதுங்கி நின்றாள். கையில் துணி. தூங்காத கண். என்ன என்று கேட்டேன்.

"எம் மகளுக்கு ஆறு நாளா வயித்தால போகுதுய்யா. ரத்தமாப் போகுது. அய்யா வீட்டுப் புள்ளை சுவரொட்டி தின்னுதான் தேறுச்சுன்னு, நானும் கடேசி மாட்டுல வாங்கி, நல்லாத் தொடச்சு, தெனமும் வாட்டிக் குடுக்கிறேன். தேற மாட்டேங்குது. இன்னுங் கொஞ்சங் கூடக் குடுக்கட்டுமாய்யா?"

எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையிலிருந்த தாளை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துவிட்டு, எனக்குப் படிக்கத் தெரியாதேய்யா என்று திருப்பிக் கொடுத்தாள். நான்தான் வாய்விட்டுப் படிக்க வேண்டியிருந்தது.