கடலூருக்குப் போன கோபுரம்

உப்பளம் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் வண்டிக்குள் எவர்சில்வர் டம்ளர்கள் சடசடவென்று சரிந்தன. ஆனந்தமேரி அம்பாசிடரை ஓரங்கட்டினாள். பக்கத்தில் மெக்கானிக் அரிகிருஷ்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின்சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு பலகை போட்டு, வீட்டிலிருந்த டம்ளர்களையெல்லாம் கொண்டுவந்து கோபுரமாக அடுக்கியிருந்தாள் அவள். ஒன்றுகூட நிற்கவில்லை. ஒரு டம்ளர் உருண்டுவந்து அவள் காலடியில் கிடந்தது. சைக்கிளில் போன இரண்டு பேர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அவளுக்கு வெட்கமாக இல்லை. நேற்று பட்டறை வாசலிலேயே விழுந்தது, இன்றைக்குக் கேட் வரைக்கும் வந்திருக்கிறதே என்று சொல்லிக்கொண்டே காலடி டம்ளரை எடுத்தாள்.

அவள் புருஷன் யூஜினுக்கு ரொட்டிக்கடை. தினப்படிக்கு ரொட்டி போட்டாலும், ஊரில் அவன் பேர் சொன்னது கல்யாணக் கோபுரம்தான். எலுமிச்சம்பழ அளவில் பொரபொரவென்று சுட்ட உருண்டைகளுக்குள் கிரீம் அடைத்து, காய்ச்சிய சர்க்கரைப் பாகில் தோய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போய் இடுப்புயரத்துக்கு எழுப்புவான். பழைய ஆட்கள் அதைப் பியேஸ் மோந்தே என்பார்கள். அந்தப் பேர் வாயில் நுழையாதவர்கள், கேக்குக்குப் பிரெஞ்சில் காத்தோதானே என்று, காத்தோ கோபுரம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பிரெஞ்சுக்காரன் போய் வருஷங்கள் எத்தனையோ ஆன பிறகும், பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் கிறிஸ்தவக் குடும்பங்களில் அது இல்லாமல் கல்யாணம் நிறைவதில்லை. யூஜின் கட்டுவான், ஆனந்தமேரி வண்டியில் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். கோபுரத்தைக் கல்யாண வீட்டிலேயே போய்க் கட்டலாமே என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு தடவை அப்படிச் செய்து, பிரியாணி அடுப்பில் காய்ச்சிய பாகு புகை நாற்றம் அடித்ததோடு யூஜின் அந்தப் பேச்சை விட்டுவிட்டான்.

வண்டி ஓட்ட அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அவள் அப்பா. கவர்னர் மாளிகையில் டிரைவராக இருந்தவர். அந்தக் காலத்திலேயே வெள்ளைக்காரிகளைத் தவிர ஸ்டியரிங் பிடித்த பெண் அவள் ஒருத்திதான் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவள், புதிதாகக் கைமாறி வந்த இந்த அம்பாசிடரில் வில்லியனூர்க் கல்யாணத்துக்குக் கொண்டுபோன கோபுரம், போய்ச் சேரும்போது குவியலாகக் கிடந்தது. பெண்வீட்டார் அதைத் தட்டுகளில் அள்ளிப் போட்டுப் பரிமாறினார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர், பொம்பள ஓட்டினா இப்படித்தான் வந்து சேரும் என்று அவள் காதுபடவே சொன்னார். திரும்பி வரும் வழியில் யூஜின் மெதுவாகச் சொன்னான்.

"அடுத்த தடவைக்கு டிரைவர் ஒருத்தர வெச்சுக்கலாம் மேரி."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் பதிலுக்குப் பதில் பேசியிருப்பாள். பரிவாகச் சொன்னதுதான் சுருக்கென்றது. அடுத்த கோபுரம் தை மாதத்தில் கடலூர் மஞ்சக்குப்பத்துக்குப் போகவேண்டும். அதற்குள் யூஜின் ஒரு டிரைவரிடம் பேசியும் வைத்துவிட்டான் என்று தெரிந்ததும் அவள் அடுப்பங்கரையில் போய் நின்றாள்.

"எந்த டிரைவர் உக்காந்தாலும் அந்த வண்டி கவுத்துத்தான் விடும். கோளாறு வண்டியில இருக்குதுங்க. நான் சரி பண்ணிக் காட்டுறேன். அதுக்கப்பறமும் வேணும்னா வெச்சுக்கங்க."

யூஜின் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினான். அது சம்மதமா, பேச்சை முடிக்கிற ஆட்டமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அரிகிருஷ்ணன் பஞ்சாலை வேலையை விட்டுவிட்டு உப்பளத்தில் பட்டறை போட்டவன். முதல்நாள் அவன் செய்த வைத்தியம் தப்பாகப் போயிற்று. ஆட்டம் அதிகமென்றால் பட்டை ஸ்பிரிங் இளகிவிட்டது என்று அர்த்தம் என்று சொல்லி இன்னொரு பட்டை சேர்த்தான். வண்டி பள்ளத்துக்குப் பள்ளம் ஆடு துள்ளுவதுபோல் துள்ளியது. கோபுரத்துக்குப் பதிலாக டம்ளர்களை அடுக்கி ஓட்டிப் பார்க்கும் யோசனை அன்றைக்குத்தான் அவளுக்கு வந்தது. விழுந்த டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே அவள் யோசித்தாள். வண்டியை அவர்களுக்கு விற்றவர் மீன் வியாபாரி. ஐஸ் பெட்டி ஏற்றுவதற்காகத் தடித்த பட்டைகளைச் சேர்த்துப் போட்டிருப்பார். கோபுரம் பார்வைக்குத்தான் பெரிது, கனமே கிடையாது. கனம் ஏற்றாத வண்டிக்கு அவ்வளவு விறைப்பு எதற்கு என்று அவனிடம் கேட்டாள்.

அரிகிருஷ்ணன் தாடையைச் சொறிந்தான். பிறகு அவளைப் பார்த்து, "நீ சொல்றதும் சரியாத்தான் படுது யக்கா. கயட்டிப் பாப்போம்" என்றான்.

அதன்பிறகு இருவருக்கும் பைத்தியம் பிடித்த மாதிரிதான். தான் சேர்த்த பட்டையோடு மீன் வியாபாரி சேர்த்தவற்றையும் அவன் உருவி எறிந்து, மிச்சத்துக்குக் கிரீஸ் தடவிக் கட்டினான். விறைப்பு போயிற்று. ஆனால் ஒரு பள்ளத்தில் இறங்கிய வண்டி அடுத்த பள்ளம் வரை ஊஞ்சலாடியது. ஆட்டத்தை அடக்க வேண்டிய பழைய ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய் ஒழுகிக் காய்ந்துபோயிருந்தது. அவன் கடலூர் வரை போய், ஜீப்புக்குப் போடுகிற நெட்டுக்குத்தான ஷாக் அப்சார்பர்களை வாங்கிவந்து, அவற்றுக்கு இடம்பண்ண இரும்புத் துண்டுகளை வெல்டிங் வைத்தான். அவை மாட்டிய அன்றுதான் டம்ளர்கள் கேட் வரைக்கும் தாக்குப்பிடித்தன.

மிச்சமிருந்தது இடப்பக்கம் இழுக்கிற நோய். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், வண்டி வாய்க்காலைத் தேடிக்கொண்டு போகும். நேராகப் போகவே அவள் ஓயாமல் வலப்பக்கம் வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த வெட்டு ஒவ்வொன்றும் பின்னால் கோபுரத்தை ஆட்டியிருக்கிறது. கொத்தனார் தரை மட்டம் பார்ப்பதுபோல் அரிகிருஷ்ணன் வண்டியைச் சுற்றிச்சுற்றி வந்தான். இடதுபக்க முன் ஸ்பிரிங் தளர்ந்து வண்டி அந்தப் பக்கம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அதைத் தூக்கி மட்டமாக்கினான். அப்புறம் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு நூல் இழுத்துக் கட்டினார்கள். ஒரு முனையை அவள் பிடித்தாள். சக்கரம் ஒன்று கிழக்கையும் மற்றது மேற்கையும் பார்த்துக்கொண்டிருப்பது நூல் வைத்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. முன்சக்கரங்களை இணைக்கும் ராடைத் திருகுவதும், நூலைப் பார்ப்பதும், மறுபடி திருகுவதுமாக மத்தியானம் முழுக்கப் போயிற்று.

சாயங்காலம் அவள் டம்ளர்களை அடுக்கி, கேட்டைத் தாண்டி, பழைய துறைமுகம் வரை ஓட்டினாள். பின்னால் சத்தமே இல்லை. விழுந்துகிடக்கிறதோ என்று பயந்துபோய் அரிகிருஷ்ணன்தான் திரும்பிப் பார்த்தான். கோபுரம் நின்றது. அவள் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி தன்பாட்டுக்குக் கடலைப் பார்த்து நேராகப் போய்க்கொண்டிருந்தது. அவன் பதறிப்போய் ஸ்டியரிங்கைப் பிடிக்க வந்தான். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

கல்யாணத்தன்று விடியற்காலையில் யூஜின் கோபுரத்தைப் பலகைமேல் வைத்துவிட்டு, தானும் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டான். டிரைவருக்குச் சொல்லி அனுப்பவில்லை. அரியாங்குப்பம் பாலம் தாண்டியது. தவளக்குப்பம் தாண்டியது. கிருமாம்பாக்கத்துக்கு அப்பால் கரும்பு மாட்டுவண்டி ஒன்றை முந்திக்கொண்டு எதிரே ஒரு பஸ் சாலை முழுக்க அடைத்துக்கொண்டு வந்தது.

பிரேக்கை அழுத்தினால் கோபுரம் முன்னால் வந்து விழும். அவள் அழுத்தவில்லை. தாரை விட்டு மண்ணில் இறக்கினாள். சக்கரம் பள்ளத்தில் இறங்கியது, ஒரு மூச்சு வாங்கினாற்போல் வண்டி அமுங்கியது, எழுந்தது, அவ்வளவுதான், ஆட்டம் நின்றுவிட்டது. பஸ் உரசாமல் போயிற்று. அவள் ஸ்டியரிங்கை மெல்ல ஒடித்தாள். நினைத்த இடத்தில் வண்டி தாருக்கு ஏறியது. கையும் சக்கரமும் ஒன்றாகிவிட்டதுபோல் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பின்னால் திரும்பத் துணிவில்லாமல் கண்ணாடியில் பார்த்தாள். யூஜின் கோபுரத்தைத் தொடாமல் இரண்டு கைகளையும் விரித்து அதைச் சுற்றி வைத்திருந்தான். உச்சியிலிருந்து கழன்று விழுந்த ஒரே ஓர் உருண்டையை மடியிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"ஒண்ணுதான். நீ போ" என்றான், வாய் நிறைய.

மஞ்சக்குப்பத்தில் கோபுரத்தை இறக்கி மேஜைமேல் வைத்தபோது கல்யாண வீடே சுற்றி வந்து நின்றது. ஆனால் அன்றைக்கு அவளுக்கு நினைவில் நின்றது வேறு. சாயங்காலம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் இவர்கள் ஊரிலேயே இருந்த குருசுக்குப்பத்து மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போகவேண்டிய வாடகைக் கார், ரேடியேட்டர் கொதித்து வரும் வழியிலேயே நின்றுவிட்டது. பெண்ணின் அப்பா ஓடிவந்து யூஜினிடம், உங்க டிரைவர் கொஞ்சம் கொண்டுபோய் விடுவாரா என்று கேட்டார்.

"டிரைவர்னு யாரும் இல்லீங்க. எங்க வீட்டு மதாம்தான் ஓட்டுறாங்க. அவங்களத்தான் கேக்கணும்" என்றான் யூஜின்.

பெண்ணின் அப்பா ஒரு கணம் தயங்கிவிட்டு அவளிடம் வந்து கேட்டார். அவள் தலையாட்டினாள்.

பின்சீட் இல்லாததால் மூன்று பேரும் முன்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நடுவில் மாப்பிள்ளை பிரான்சுவா கோட்டும் வியர்வையுமாக. ஜன்னலோரம் கல்யாணப் பெண் ஸ்டெல்லாமேரி. பின்னால் பலகைமேல் யூஜின். பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் ஸ்டெல்லாமேரி ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு ஆனந்தமேரி பக்கம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் வேகமாப் போலாமா?"

மாப்பிள்ளை அவசரமாக, இதுவே போதும் என்றான். ஆனந்தமேரி டாப் கியருக்கு மாற்றினாள். புளியமர நிழல்கள் பின்னால் ஓடத் தொடங்கின. பெண்ணின் தலையிலிருந்த வெள்ளை நெட் காற்றில் எழுந்து, ஜன்னலுக்கு வெளியே பாய்ந்து, வண்டியின் நீளத்துக்கு விரிந்து படபடத்தது. பின்ஜன்னல் வழியே யூஜின் கையை நீட்டினான். நெட்டின் ஓரம் விரல்களுக்கிடையில் வந்து வந்து நழுவிக்கொண்டிருந்தது.