மேஸ்திரி சொல்லாத வரி

வேலையை விட்ட பிறகு கொத்தனார் மேஸ்திரிக்கு எழுத்துதான் பொழுதுபோக்கு. எழுத்துக் கூட்டி எழுதப் பொறுமை கிடையாது. காலைக் காபியோடு அவர் சொல்லச் சொல்ல, மருமகள் போனில் தட்டித் தெருக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். யாரையும் லேசில் நம்பாத மனுஷன், அவளை மட்டும் நம்பினார்.

நேற்றுச் சாயப்பட்டறையை வெளுத்து வாங்கியிருந்தார். கழிவைச் சாக்கடையில் விட்டுத் தெருவையே நாறடிக்கிற முதலாளிக்கு மூக்கு இல்லையா என்று கேட்டிருந்தார்.

இன்று முடிவெட்டிக்கொள்ளப் போய் உட்கார்ந்ததும் கடைக்காரர் சிரித்தார். "என்ன மேஸ்திரி, பட்டறை முதலாளிக்கு இப்படி ஐஸ் வைக்கிறீங்க?"

"நானா? எங்க, படி."

கடைக்காரர் போனைப் பார்த்துப் படித்தார். பட்டறையால்தான் தெருவே பிழைக்கிறதாம். முதலாளி தங்கமானவராம். கீழே மேஸ்திரியின் பெயர்.

பாதி வெட்டிய தலையோடு வீட்டுக்கு வந்தார்.

"இதை எந்த வாய்மா சொல்லிச்சு?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "அடுத்த வாரம் உங்க பிள்ளை அங்கதான் மாமா வேலைக்குச் சேரப் போறார். மாத்திப் போடச் சொன்னார்."

மகன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தான். "உங்ககிட்ட முன்னாடியே சொன்னா அதையும் ஊருக்கே எழுதிடுவீங்கப்பா."

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேஸ்திரி பட்டறையைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டார்.

"போனை எடுடா. என் பேரை அழிச்சிட்டு உன் பேரைப் போடு. உன் முதலாளி சந்தோஷப்படட்டும்."

மகன் போனைத் தொடாமல் அறைக்குள் திரும்பிப் போனான்.