பெட்டியில் என்ன இருக்கிறது

...கலர் பென்சில் என்று ஏன் சொன்னேன், வேறு எதையாவது சொல்லியிருக்கலாம், அல்லது எதுவுமே சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கலாம், பேருந்தில் மகள் கேட்டது அவ்வளவுதான், "பையில என்னப்பா கடகடன்னு சத்தம்?", நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன், இப்போது தலைமையாசிரியையின் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பையை இரண்டு கால்களுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டிருக்கிறேன், மகள் தன் வகுப்புக்குப் போய்விட்டாள், பெட்டி பைக்குள்தான் இருக்கிறது. நேற்றே எடுத்து வைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன், நினைப்பதில் எனக்கு ஒருநாளும் குறைச்சல் இருந்ததில்லை, காலையில் பையைத் திறக்கப் போனால் அவள் அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறாள், ஒரு லேஸுக்கு ஐந்து நிமிடம், அவிழ்க்கிறாள், மறுபடி கட்டுகிறாள், அவள் கண்ணெதிரே அந்தப் பெட்டியை எப்படி வெளியே எடுப்பது? அது அவளுடைய பெட்டி. மூன்றாம் வகுப்பில் அவளுக்கு வாங்கிய ஷூ வந்த சிவப்பு அட்டைப் பெட்டி, ஒரு மூலை கிழிந்து செலோடேப் ஒட்டியது. அதில் இருந்ததையெல்லாம் இரண்டு வருடத்துக்கு முன்பே நான் திருப்பிக் கொடுத்துவிட்டதாக அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

தலைமையாசிரியை தேநீரை என் பக்கம் நகர்த்தினார், "அந்த ஷூ பெட்டிக் கதையக் கண்டிப்பா சொல்லணும் சார், என் தங்கச்சி வேலை பாக்கற ஸ்கூல்ல சொன்னீங்களாமே, டீச்சருங்க எல்லாம் அழுதுட்டாங்களாம்." தங்கை எந்தப் பள்ளியில் வேலை பார்க்கிறார் என்று கேட்க நினைத்தேன், எந்தப் பள்ளியாக இருந்தால் என்ன, எல்லாப் பள்ளியிலும்தான் சொல்லியிருக்கிறேன், நூலகங்களிலும் சொல்லியிருக்கிறேன், "பாக்கலாம் மேடம், நேரம் இருந்தா..." என்று இழுத்தேன். "நேரத்துக்கு என்ன சார், ரெண்டு பீரியட் ஒதுக்கியிருக்கேன்." தேநீர் சுட்டது, ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன், இந்த நாக்குக்கு வேண்டியதுதான். உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும் என்று மனைவி அடிக்கடி சொல்வாள், சாவியை அவளே வைத்துக்கொள்வாளாம். காலையில் பேருந்து நிறுத்தத்தில் மகள் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, "உங்க புஸ்தகத்துல வர்ற அணில் கதை நெஜமான்னு யாராவது கேட்டா சும்மா கதைன்னு சொல்லணும், சரியா?" என்றாள், சரி என்றேன், "பெட்டியப் பத்தி நீங்க எங்கயும் சொன்னதில்லையே?" என்றாள், சேச்சே என்றேன். அந்தச் சேச்சே எவ்வளவு இயல்பாக வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கே கூசுகிறது.

இரண்டு வருடத்துக்கு முன்பு மகளின் கட்டிலுக்கடியில் பெருக்கும்போதுதான் அந்தப் பெட்டி துடைப்பத்தில் தட்டுப்பட்டது, திறந்தால் இருபத்து மூன்று பொருள்கள், பச்சை நிறக் கார் வடிவ ஷார்ப்னர், ஒரு இறக்கை போன பட்டாம்பூச்சி கிளிப், பாதி ரப்பர், மூடியில்லாத பேனா, ஒரு சட்டைப் பொத்தான், பல் போன சீப்பு, எதுவும் எங்கள் வீட்டுப் பொருளில்லை. அப்போது அவள் இந்தப் பள்ளியில் சேர்ந்து நான்கு மாதம், யாரும் அவளோடு பேசுவதில்லை, அதைக்கூட அன்றைக்குத்தான் சொன்னாள். யார் யாரோடு பேச ஆசையோ அவர்களிடமிருந்து ஒவ்வொன்று எடுத்தாளாம், தினமும் வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கடியில் படுத்துப் பெட்டியை ஆட்டி ஆட்டிக் கேட்பாளாம். திட்டவில்லை நான், அந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். யாருக்கும் தெரியாமல் நானே கொண்டுபோய்ப் பள்ளி அலுவலகத்தில், தொலைந்த பொருள்களைப் போட்டு வைக்கும் கூடையில் போட்டுவிடுகிறேன் என்றேன், சத்தியமா என்றாள், சத்தியமாக என்றேன். மறுநாள் போகத்தான் இருந்தேன். ராத்திரி ஒரு தடவை பார்ப்போமே என்று மேசையில் பரப்பி வைத்ததுதான் தப்பு, அந்தப் பச்சைக் காரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதையின் முதல் வரி வந்துவிட்டது, காட்டில் புதிதாகக் குடிவந்த ஒரு அணில், ஒவ்வொரு விலங்கிடமிருந்தும் ஒரு பொருள், ஒரு மரப்பொந்து... கதை முடியும்வரை கண்ணெதிரே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன், கதை முடிந்தது, பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள், புத்தகம் வந்தது. குடுத்துட்டீங்களாப்பா என்று அவள் கேட்டபோது அதெல்லாம் அப்போதே கொடுத்தாச்சு என்றேன். "கெடச்சுதான்னு அவங்ககிட்ட கேக்கவும் முடியாதே" என்று சொல்லிச் சிரித்தாள்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூட ஒரு மாதிரி. முதல்முதலில் ஒரு நூலகத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தர் காதிலும் என் கதை ஏறவில்லை, ஏதாவது செய்தாக வேண்டும் என்று "எங்க வீட்ல ஒரு அணில் இருக்கு, தெரியுமா?" என்று ஆரம்பித்தேன், கூடம் அடங்கிவிட்டது. அடுத்த தடவை பெட்டியையே கொண்டுபோனேன். அதற்கப்புறம் பெட்டி பையிலேயே தங்கிவிட்டது, புத்தகம், வெள்ளைத்தாள், பென்சில், பெட்டி, என் தொழிலுக்கு அவ்வளவுதான் சாமான். எந்த இடத்தில் மூடியைத் திறக்க வேண்டும், பொத்தானை எடுத்துக் காட்டிவிட்டு எத்தனை நொடி பேசாமல் நிற்க வேண்டும், எல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தப் பேசாமல் நிற்கும் இடத்தில்தான் டீச்சர்கள் கண்ணைத் துடைப்பார்கள். மகளின் பெயரைச் சொன்னதில்லை, அதைச் சொல்லித்தான் இத்தனை நாளும் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இந்தப் பள்ளிக்கு மட்டும் ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்து வந்தேன், போன மாதம் வகுப்பாசிரியை மகளிடமே அழைப்புக் கடிதத்தைக் கொடுத்தனுப்பிவிட்டார், அவள் அதை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள், அவளுக்கு ஆசையா பயமா என்று எனக்குத் தெரியவில்லை. வர முடியாது என்று எப்படிச் சொல்வது?

கூடத்தில் ஐந்தாம் வகுப்பு உட்கார்ந்திருக்கிறது. மூன்றாம் வகுப்பிலிருந்து கலையாமல் வந்த அதே வகுப்பு, அதாவது பொருள்களைப் பறிகொடுத்தவர்கள் அத்தனை பேரும் ஒரே இடத்தில். மகள் நான்காவது வரிசையில் ஜன்னலோரம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழியிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள், அவளுக்கு இப்போது தோழிகள் இருக்கிறார்கள், இரட்டைச் சடையில் கிளிப் குத்திய அந்தப் பெண்ணின் பழைய பட்டாம்பூச்சிதான் என் பைக்குள் இருக்கிறதா? முன் வரிசையில் மூக்குக்கண்ணாடி போட்ட பையன், பச்சைக் கார் அவனுடையது, அவனுடைய அப்பா வெளியூரிலிருந்து வாங்கி வந்ததாம், இரண்டு நாள் அழுதானாம், மகள்தான் சொல்லியிருக்கிறாள். அவன் கையைத் தூக்கிவிட்டான், எடுத்த எடுப்பிலேயே, புத்தகத்தை முன்பே படித்திருப்பான் போல. "சார், அந்த அணில் நெஜமா?" எத்தனையோ கூடங்களில் கேட்ட கேள்வி, எத்தனையோ கூடங்களில் சொன்ன பதில், நான் யோசிப்பதற்குள் வாய் புறப்பட்டுவிட்டது, "எங்க வீட்ல ஒரு..." நான்காவது வரிசையில் சிரிப்பு நின்றது. "எங்க வீட்ல ஒரு ஜன்னல் இருக்கு," என்றேன், "அது வழியாப் பாத்தா ஒரு மரம் தெரியும், அதுல நிறைய அணில்." பையனுக்கு ஏமாற்றம், உட்கார்ந்துவிட்டான். தப்பித்தோம் என்று மூச்சுவிடும்போது பின்னால் ஜிப் இழுக்கும் சத்தம் கேட்டது.

வகுப்பாசிரியை. பாவம், நல்ல மனுஷி, உதவி செய்கிறாராம், பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கிக்கொண்டிருக்கிறார், புத்தகங்கள், தாள்கட்டு, கலர் பென்சில் டப்பா, அட, கலர் பென்சிலும் நிஜமாகவே இருக்கிறது, நான் சொன்னது முழுப் பொய்யில்லை... அப்புறம் பெட்டி. சிவப்பு, செலோடேப் ஒட்டிய மூலை பிள்ளைகளைப் பார்த்தபடி. கூடத்தின் கடைசியிலிருந்து தலைமையாசிரியையின் குரல், "அதான், அதான் நான் சொன்ன பெட்டி!" நான் மகளைப் பார்க்கவில்லை, பார்க்காமலே அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. உள்ளங்கையை மூடியின் மேல் அழுத்தி வைத்தேன், வகுப்பாசிரியையின் விரல் அதற்குள் மூடி விளிம்புக்கு வந்திருந்தது. என்ன செய்வது, எல்லாம் நான் எடுத்ததுதான், சின்ன வயதில் என்று சொல்லிவிடலாமா, அந்தப் பையன் தன் காரை அடையாளம் கண்டுகொள்ள மாட்டானா, மயக்கம் வந்தது போல விழுந்துவிடலாமா, அதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். பழகிய வாய்தான் காப்பாற்றியது. "இதத் திறக்கப் போறதில்ல," என்றேன், "பெட்டியில என்ன இருக்கு, அதான் இன்னைக்கு எழுதப் போறீங்க. எட்டு நிமிஷம். இந்த ரூம்ல எழுதறவங்க சொல்றதுதான் சரி, நீங்க என்ன எழுதறீங்களோ அதுதான் உள்ள இருக்கு." பிள்ளைகளுக்கு ஒரே குஷி, தாள் கை மாறியது, தலைகள் குனிந்தன. தலைமையாசிரியைகூட ஒரு தாளை வாங்கிக்கொண்டார்.

எட்டு நிமிடம் அவ்வளவு நீளம் என்று இதுவரை தெரியாது. மற்ற இடங்களில் இந்நேரம் நான் வரிசைக்குள் நடப்பேன், குனிந்து பார்ப்பேன், ஒரு தோளைத் தட்டிக்கொடுப்பேன், இன்றைக்குப் பெட்டியைவிட்டு நகர முடியவில்லை, கையை எடுத்தால் யாராவது திறந்துவிடுவார்கள். மகள் எழுதினாள். மற்றவர்கள் எழுதி அடித்து மேலே பார்த்துப் பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்க, அவள் இரண்டே வரி எழுதிவிட்டுத் தாளை நான்காக மடித்து வைத்துவிட்டாள். என்ன எழுதியிருப்பாள், பட்டியலா, யார் யாருடையது என்று பெயரோடு அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், அப்படியே எழுதியிருந்தால்? அது நியாயம்தானே, அவள் எழுதினால் நியாயம், நான் எழுதியதுதான்... நானே படிக்கிறேன் என்று தாள்களுக்காகக் கையை நீட்டினேன், "நீங்க உக்காருங்க சார், நான் வாசிக்கறேன்" என்று வகுப்பாசிரியை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, அதற்குள் இன்னொன்று என்று ஒருத்தி, தலைமையாசிரியையின் தொலைந்துபோன சிரிப்பு என்று ஒருவன், கூடமே சிரித்து ஓய்ந்தது, தலைமையாசிரியைதான் அதிகம் சிரித்தார். கண்ணாடிக்காரப் பையன் கார் என்று மட்டும் எழுதியிருந்தான், என்ன கலர் என்று வகுப்பாசிரியை கேட்டதற்குத் தோளைக் குலுக்கினான்.

அப்புறம் அந்த நான்காக மடித்த தாள். வகுப்பாசிரியை பிரித்தார், முதலில் மனதுக்குள் படித்தார், என்னைப் பார்த்துப் புன்னகைத்தார், பிறகு உரக்கப் படித்தார். "பெட்டி காலி. உள்ள இருந்ததை எல்லாம் எங்க அப்பா யார் யாரோடதோ அவங்கவங்ககிட்டயே குடுத்துட்டார்." நல்லா இருக்கே என்றார் யாரோ. யார்கிட்ட குடுத்தார் என்று கண்ணாடிக்காரப் பையன் திரும்பிக் கேட்டான், அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தலைமையாசிரியை முன்னால் வந்துவிட்டார், "போதும் சார், இப்பவாவது திறந்து காட்டுங்க, யார் சொன்னது சரின்னு பாப்போம்." பிள்ளைகள் திற திற என்று தாளம் போட ஆரம்பித்தார்கள். எழுதினவங்க சொன்னதுதான் சரின்னு நானே சொல்லிட்டேனே மேடம் என்றேன், பெட்டி காலி, திறந்து என்ன பாக்கறது என்றேன். அவள் எனக்காகத்தான் எழுதினாளா, என்னை நம்பித்தான் எழுதினாளா, நம்பியிருந்தால் பெட்டி ஏன் இன்னும் என்னிடம் இருக்கிறது என்று யோசித்திருக்க மாட்டாளா, வெறும் பெட்டியை ஞாபகத்துக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருக்கலாம், நினைத்திருக்கட்டும், கடவுளே, அப்படியே நினைத்திருக்கட்டும்.

பையில் வைக்கப் பெட்டியைத் தூக்கினேன். அசையாமல்தான் தூக்கினேன், இரண்டு கையாலும், நெஞ்சோடு சேர்த்து, ஆனால் அந்தப் பச்சைக் காருக்குச் சக்கரம் உண்டு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு உருண்டு அட்டையில் முட்டியது. கடகட. பிள்ளைகளின் இரைச்சலில் யாருக்கும் கேட்டிருக்காது. மகள் மட்டும் நிமிர்ந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் வரும், அல்லது அழுகை வரும் என்று காத்திருந்தேன், எதுவும் வரவில்லை, அந்தச் சத்தம் அவளுக்குப் புதிதில்லை. மூன்றாம் வகுப்பில் நான்கு மாதம் தினமும் கட்டிலுக்கடியில் படுத்து ஆட்டி ஆட்டிக் கேட்ட சத்தம், என்னைவிட அவளுக்குத்தான் அது பழக்கம், பேருந்தில் என் கால்களுக்கு நடுவில் அது உருண்டபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்... பையில என்னப்பா சத்தம் என்று அவள் கேட்டது தெரியாமல் கேட்டதா? நான் கலர் பென்சில் என்றேன், அவள் சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஜிப்பை மூடினேன். இன்றைக்கு அரை நாள் பள்ளிதான், இன்னும் அரை மணி நேரத்தில் மணி அடித்துவிடும், அதே பேருந்து, அதே இருக்கை, அவள் என் பக்கத்தில் உட்காருவாள், இந்தத் தடவை எதுவும் கேட்கமாட்டாள்.